சைக்கிளைத் திருப்பிக் கொடு: ஜெர்மனி – நெதர்லாந்து கால்பந்துப் பகையில் போருக்கு எவ்வளவு பங்கு?

கேள்வி இதுதான்: ஜெர்மனியும் நெதர்லாந்தும் கால்பந்தில் மோதினால் ஏன் அவ்வளவு ஆத்திரம்? இரண்டாம் உலகப் போரின் பழைய கணக்கைத்தான் மைதானத்தில் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்கிறார்களே, அது சரியா? ஜெர்மனியின் மற்ற விளையாட்டுப் பகைகளும் அப்படித்தானா?

போருக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு இடத்தில் இடிக்கும். போர் முடிந்தது 1945. இந்தப் பகை உச்சத்துக்குப் போனது 1988. நடுவில் 43 வருடம். போரை உடம்பால் அனுபவித்தவர்கள் ஆடிய காலத்தில் இந்த ஆட்டம் கிட்டத்தட்ட சாதாரண ஆட்டமாகத்தான் இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் ஆடவும் பார்க்கவும் தொடங்கிய பிறகுதான் போர் மைதானத்துக்குள் வந்தது. எனக்குத் தெரிந்தவரை மற்ற நாடுகளோடு ஜெர்மனிக்கு இருக்கும் கால்பந்துப் பகைகளிலும் இதே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் போர் என்ன செய்தது என்று பார்த்துவிடுவோம். 1940 மே 10 அன்று விடிவதற்கு முன்பே ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. முதல் உலகப் போரில் நடுநிலை காத்து ஒதுங்கி நின்ற நாடு அது. அந்தப் போரில் தோற்ற ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அடைக்கலம் தேடி வந்ததும் அங்கேதான். இந்த முறையும் தங்களை விட்டுவிடுவார்கள் என்று டச்சுக்காரர்கள் நம்பியிருந்தார்கள். ஐந்தே நாளில் எல்லாம் முடிந்தது. மே 14 மதியம் ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதியில் ஜெர்மன் விமானங்கள் கால் மணி நேரம் குண்டு வீசின. கிட்டத்தட்ட 850 பேர் இறந்தார்கள், 80,000 பேர் வீடிழந்தார்கள். அதற்குப் பிறகு ஐந்து வருட ஆக்கிரமிப்பு. நாட்டில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,02,000 பேர் கொல்லப்பட்டார்கள். 1944-45 குளிர்காலத்தில் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு வருவது நின்றுபோய் 20,000 பேருக்கு மேல் பசியில் செத்தார்கள். ட்யூலிப் கிழங்கை அவித்துத் தின்ற குளிர்காலம் என்று இன்றும் அதைச் சொல்வார்கள்.

இவ்வளவு பெரிய துயரத்திலிருந்து மைதானத்துக்கு வந்து சேர்ந்த கோஷம் என்ன தெரியுமா? "முதலில் என் சைக்கிளைத் திருப்பிக் கொடு!" ஜெர்மன் ரசிகர்களைப் பார்த்து டச்சு ரசிகர்கள் கத்துவது இதைத்தான். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் பின்னால் உள்ள விஷயம் உண்மையானது. 1942 ஜூலையில் ஜெர்மன் படை நகரங்களில் சைக்கிள்களைப் பறிமுதல் செய்தது. 1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் நெருங்கி வந்தபோது, ஊரை விட்டு ஓடிய ஜெர்மன் சிப்பாய்கள் கண்ணில் பட்ட சைக்கிளை எல்லாம் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். டச்சு வீட்டில் சைக்கிள் என்பது வேலைக்குப் போக, சாமான் வாங்க, சொந்தக்காரர் வீட்டுக்குப் போக, எல்லாவற்றுக்குமான வண்டி. அதைப் பலகைத் தரைக்கு அடியில் ஒளித்து வைத்தவர்கள் உண்டு. ரப்பர் கிடைக்காமல் போனதால் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வெட்டி டயராகக் கட்டி ஓட்டினார்கள், சிலர் மரக்கட்டைகளைச் சக்கரத்தில் பொருத்தி ஓட்டினார்கள். பசிக் குளிர்காலத்தில் ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் கிராமம் கிராமமாகப் போய்க் கெஞ்சியவர்கள் அந்த மாதிரி சைக்கிளில்தான் போனார்கள். சைக்கிள் பறிபோன வீட்டில் அடுத்த வேளைச் சாப்பாடும் பறிபோனது. அதனால் இந்தக் கோஷத்தைக் கேட்டு நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

ஆனால் அதைக் கத்தியவர்கள் யார் என்று கேளுங்கள். 1988-இல் 20 வயதில் கத்தியவன் பிறந்தது 1968-இல். போனது அவனுடைய சைக்கிள் இல்லை, தாத்தாவுடைய சைக்கிள்.

தாத்தா காலத்தில் என்ன நடந்தது? போருக்குப் பிறகு இரண்டு நாடுகளும் முதன்முதலில் மோதியது 1956 மார்ச் 14 அன்று, டூசல்டார்ஃபில். போர் முடிந்து 11 வருடம்தான் ஆகியிருந்தது. ஜெர்மனி அப்போது உலகச் சாம்பியன். நெதர்லாந்து 2-1 என்று ஜெயித்தது. இரண்டு கோலையும் அடித்தவர் ஆபே லென்ஸ்ட்ரா. அவர் பிறந்தது 1920-இல், ஆக்கிரமிப்புக் காலம் முழுவதையும் வாலிபனாக வாழ்ந்து கடந்தவர். பழிவாங்கும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான நாள் வருமா? ஆனால் அந்த வெற்றி டச்சு நினைவில் பெரிய பழிவாங்கலாகத் தங்கவே இல்லை. 1959-இல் கொலோனில் ஜெர்மனி 7-0 என்று நொறுக்கியது. அதுவும் தேசியக் காயமாக மாறவில்லை. டச்சு அணி அன்றைக்குப் பெரிய அணி இல்லை, தோற்பது அதற்குப் பழக்கமாக இருந்தது.

மாற்றம் ஆரம்பித்தது கால்பந்துக்கு வெளியே. 1960 முதல் 1965 வரை ஆக்கிரமிப்பின் வரலாறு டச்சுத் தொலைக்காட்சியில் தொடராக வந்தது, நாடே உட்கார்ந்து பார்த்தது. வீட்டில் பெரியவர்கள் பேசாமல் வைத்திருந்ததைப் பிள்ளைகள் திரையில் கண்டார்கள். அடுத்து 1966 மார்ச் 10: பட்டத்து இளவரசி பெயாட்ரிக்ஸ் ஆம்ஸ்டர்டாமில் கிளவுஸ் ஃபான் ஆம்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரைத் திருமணம் செய்துகொண்டார். அவர் சிறுவயதில் ஹிட்லர் இளைஞர் படையிலும், போரின் கடைசியில் ராணுவத்திலும் இருந்தவர். ஊர்வலப் பாதையில் புகைக்குண்டுகள் வெடித்தன. "கிளவுஸ், வெளியே போ" என்று கத்தினார்கள். சைக்கிளைத் திருப்பிக் கேட்ட கோஷமும் அன்று தெருவில் ஒலித்தது. வீசியவர்களும் கத்தியவர்களும் பெரும்பாலும் இளைஞர்கள். அதே மாதம் ராட்டர்டாமில் நடந்த ஆட்டத்தில் ஜெர்மனி 4-2 என்று ஜெயித்துவிட்டுப் போனது. கோபம் அப்போது தெருவில்தான் இருந்தது, மைதானத்துக்கு இன்னும் வரவில்லை.

அது உள்ளே வருவதற்கு ஒரு தோல்வி தேவைப்பட்டது. 1974 ஜூலை 7, மியூனிக், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. யோஹான் கிரைஃப், நேஸ்கென்ஸ் எல்லாம் சேர்ந்த அந்த டச்சு அணிதான் அன்றைக்கு உலகிலேயே அழகாக ஆடிய அணி. என் கணிப்பில் கோப்பை வாங்காமல் போன அணிகளில் அதுவும் 1954 ஹங்கேரியும்தான் தலைசிறந்தவை. ஆட்டம் தொடங்கியதும் பந்தைத் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கிரைஃப் திடீரென்று வேகமெடுத்துப் பெட்டிக்குள் ஓடினார், ஊலி ஹோனஸ் அவரைக் கால் தடுக்கி விழ வைத்தார். பெனால்டி. நேஸ்கென்ஸ் அடித்தார், கோல். அதுவரை ஒரு ஜெர்மன் வீரரின் கால்கூடப் பந்தில் படவில்லை. முதலில் அதைத் தொட்ட ஜெர்மானியர் கோல்கீப்பர் செப் மையர், அதுவும் வலைக்குள்ளிருந்து எடுப்பதற்காக.

அப்புறம்தான் தவறு நடந்தது. இரண்டாவது கோலைத் தேடாமல், பந்தை வைத்துக்கொண்டு ஜெர்மனியைச் சுற்ற விட்டு விளையாட்டுக் காட்டினார்கள். 25-வது நிமிடம் பால் பிரைட்னர் பெனால்டியில் சமன் செய்தார். 43-வது நிமிடம் கெர்ட் முல்லர் திரும்பி அடித்த பந்து உள்ளே போனது. 2-1. அவ்வளவுதான்.

அந்த அணியில் விம் வான் ஹானெகெம் என்று ஒருவர். நடுக்களத்து ஆட்டக்காரர், ராட்டர்டாமின் ஃபேயனூர்டு கிளப்பின் செல்லப்பிள்ளை. 1944 பிப்ரவரியில் கடலோர ஊரான பிரெஸ்கென்ஸில் பிறந்தவர். அந்த வருடம் செப்டம்பர் 11 அன்று ஊரில் விழுந்த குண்டில் அப்பாவையும் உடன்பிறந்தவர்கள் சிலரையும் இழந்தார். ஜெர்மானியர்களைத் தனக்குப் பிடிக்காது என்பதை அவர் மறைத்ததே இல்லை. மியூனிக் இறுதிப் போட்டி முடிந்ததும் அழுதுகொண்டே மைதானத்தை விட்டு வெளியேறினார். இந்தப் பகைக்கும் போருக்கும் உள்ள தொடர்பை விளக்குகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இவர் கதையைத்தான்.

ஆனால் பிரெஸ்கென்ஸில் குண்டு போட்டது ஜெர்மன் விமானங்கள் அல்ல. ஷெல்டா கழிமுகத்தைத் தாண்டிப் பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் படையைத் தடுக்க நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகள் அவை. இதை ஜெர்மனிக்கு வக்காலத்து வாங்கச் சொல்லவில்லை. படையெடுத்து வந்தவன் வராமல் இருந்திருந்தால் அந்தக் குண்டு அந்த ஊரில் விழ வேண்டிய அவசியமே இல்லை. வான் ஹானெகெமின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவருக்கு அப்போது ஏழு மாதம்கூட ஆகவில்லை, அந்த நாள் அவருக்கு நினைவில் இருக்க முடியாது. வீட்டில் காலியாகக் கிடந்த இடங்களையும் அம்மாவின் துக்கத்தையும் பார்த்துத்தான் அவர் போரை அறிந்தார். யார் குண்டு வீசினார்கள் என்ற விவரம் அங்கே இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. போர் அடுத்த தலைமுறைக்கு இப்படித்தான் கைமாறுகிறது.

சரி, 1988-க்கு வருவோம். ஜூன் 21, ஹாம்பர்க், ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. டச்சுப் பயிற்சியாளர் ரினுஸ் மிக்கெல்ஸ், 1974-இல் தோற்ற அதே பயிற்சியாளர். லோத்தர் மத்தேயஸ் பெனால்டியில் ஜெர்மனிக்கு ஒரு கோல், ரொனால்ட் கூமன் பெனால்டியில் பதில் கோல். 88-வது நிமிடத்தில் மார்கோ வான் பாஸ்டன் சறுக்கிக்கொண்டே தொட்டு விட்ட பந்து மூலைக்குள் உருண்டு போனது. 2-1, அதே கணக்கு, இந்த முறை தலைகீழாக.

அன்று இரவு நெதர்லாந்தில் 90 லட்சம் பேர் தெருவில் இறங்கினார்கள் என்று கணக்கிட்டார்கள். மக்கள்தொகையே ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. விடுதலை நாளுக்குப் பிறகு அவ்வளவு கூட்டம் கூடியது அன்றுதான். ஆம்ஸ்டர்டாமின் லைட்சே சதுக்கத்தில் சைக்கிள்களை மேலே தூக்கிப் போட்டு, சைக்கிள் திரும்பக் கிடைத்துவிட்டது என்று கூத்தாடினார்கள். நான்கு நாள் கழித்து மியூனிக்கில் சோவியத் யூனியனை ஜெயித்து உண்மையான கோப்பையையே வாங்கினார்கள். ஆனால் பலரைக் கேட்டால் அரையிறுதிதான் நிஜமான இறுதிப் போட்டி என்பார்கள்.

அந்த ஆட்டம் முடிந்ததும் நடந்த ஒன்றை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கூமனும் ஜெர்மனியின் ஓலாஃப் தோனும் ஜெர்சி மாற்றிக்கொண்டார்கள். தோன் அணிந்திருந்ததை வாங்கிய கூமன், டச்சு ரசிகர்கள் முன்னால் அதைப் பின்பக்கம் வைத்துத் துடைத்துக் காட்டினார். கூமனுக்கு 25 வயது, தோனுக்கு 22. போர் முடிந்து 20 வருடம் ஆன பிறகு பிறந்த பையன் அணிந்திருந்த சட்டை அது. அந்த இரவின் சந்தோஷம் எனக்குப் புரிகிறது, அந்தச் சைகையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த வருடம், 1989 ஏப்ரலில், உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் ராட்டர்டாமில். ஃபேயனூர்டின் மைதானம் அது, டச்சுக்காரர்கள் டி கவுப் என்று செல்லமாக அழைப்பார்கள், தொட்டி என்று பொருள். கூட்டத்தில் மத்தேயஸையும் ஹிட்லரையும் ஒன்றாக்கி ஒரு பேனர் தொங்கியது. அந்த இடத்துக்கு ஒரு பழைய நினைவு உண்டு. 1944 நவம்பர் 10, 11 தேதிகளில் ஜெர்மன் படை ராட்டர்டாமைச் சுற்றி வளைத்து, கட்டாய வேலைக்காக 17 முதல் 40 வயதுவரை உள்ள ஆண்களை வீடு வீடாகப் புகுந்து பிடித்தது. 50,000 பேருக்கு மேல். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்த இடங்களில் ஒன்று இந்த மைதானம். பேனர் பிடித்தவர்களுக்கு அது தெரிந்திருந்ததோ இல்லையோ, மத்தேயஸ் பிறந்தது 1961-இல்.

1990, மிலான், உலகக் கோப்பை. டச்சு ஆட்டக்காரர் ஃபிராங்க் ரைக்கார்ட் ஜெர்மனியின் ரூடி ஃபோலர் மீது இரண்டு முறை துப்பினார், எச்சில் ஃபோலரின் சுருட்டை முடியில் தொங்கியது. நடுவர் இருவருக்கும் சிவப்பு அட்டை காட்டினார். ஃபோலர் என்ன செய்தார் என்று இன்றும் புரியவில்லை. ஜெர்மனி 2-1 என்று ஜெயித்து, கடைசியில் கோப்பையும் வாங்கியது. ரைக்கார்ட் பின்னர் மன்னிப்புக் கேட்டார், ஃபோலரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சில வருடம் கழித்து இருவரும் வெள்ளைக் குளியல் அங்கியில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுவதுபோல டச்சு வெண்ணெய் விளம்பரம் ஒன்றில் நடித்தார்கள், பணம் நற்காரியத்துக்குப் போனது.

1993-இல் கிளிங்கென்டால் என்ற டச்சு ஆய்வு நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளிடம் ஜெர்மானியர்களைப் பற்றிக் கேட்டது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் பிடிக்காது என்றார்கள். நாடே அதிர்ந்துபோனது. அவர்கள் 1970-களில் பிறந்தவர்கள், அவர்கள் கண்முன் நடந்த போர் என்றால் ஹாம்பர்க்கும் மிலானும்தான். வரிசை தலைகீழாகிவிட்டது பாருங்கள்: போர் நினைவு கால்பந்தை வளர்த்தது போய், கால்பந்து போர் நினைவை வளர்க்க ஆரம்பித்திருந்தது.

இனி போரில் நேராக நின்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்று சொல்கிறேன்.

ஃப்ரிட்ஸ் வால்டர், 1954-இல் கோப்பை வாங்கிய மேற்கு ஜெர்மன் அணியின் கேப்டன். போர் முடிந்தபோது அவருடைய பிரிவு அமெரிக்கர்களிடம் சரணடைந்தது, அமெரிக்கர்கள் சோவியத் படையிடம் ஒப்படைத்தார்கள். இன்று ருமேனியாவில் இருக்கும் சிகெட் என்ற ஊரின் கைதி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அடுத்த ரயில் சைபீரியாவுக்கு. முகாமைக் காவல் காத்த ஹங்கேரிய, ஸ்லோவாக்கியச் சிப்பாய்கள் ஒரு மாலை பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தன் பக்கம் வந்த பந்தை வால்டர் திருப்பி உதைத்தார். அவரையும் ஆடக் கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு ஹங்கேரியக் காவலாளி வந்து, உன்னை எனக்குத் தெரியும், 1942-இல் புடாபெஸ்டில் எங்களை 5-3 என்று ஜெயித்தீர்களே என்றார். சைபீரியாப் பட்டியலில் வால்டரின் பெயர் இல்லாமல் போனது. அந்த வருடம் அக்டோபரில் அவர் கைசர்ஸ்லாட்டர்னுக்குத் திரும்பிவிட்டார். ஒன்பது வருடம் கழித்து பெர்ன் நகரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் எதிரணி யார்? ஹங்கேரி. போரில் பிடித்த மலேரியாவால் வால்டருக்கு வெயிலில் ஆடுவது கஷ்டம், அன்று மழை பெய்தது. மழை நாளை "ஃப்ரிட்ஸ் வால்டர் வானிலை" என்று ஜெர்மானியர்கள் இன்றும் சொல்வது அதனால்தான். 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று ஜெயித்தார்கள்.

கோப்பை கொடுத்தபோது ஜெர்மன் ரசிகர்கள் கூட்டம் தேசிய கீதத்தின் முதல் பத்தியைப் பாடியது, "எல்லாவற்றுக்கும் மேலே ஜெர்மனி" என்று வரும் பத்தி. அரசு விழாக்களில் மூன்றாம் பத்திதான் பாட வேண்டும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சுவிஸ் வானொலி ஒலிபரப்பைத் துண்டித்தது. முகாமிலிருந்து மீண்டு வந்த கேப்டன் களத்தில் நின்றார், பாட்டு பார்வையாளர் இருக்கைகளிலிருந்து வந்தது.

இங்கிலாந்தில் பெர்ட் ட்ரவுட்மன். ஜெர்மன் பாராசூட் படைவீரர், கிழக்குப் போர்முனையில் சண்டை போட்டு இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியவர். போர்க்கைதியாக இங்கிலாந்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். 1949-இல் மான்செஸ்டர் சிட்டி அவரைக் கோல்கீப்பராக எடுத்தபோது ஊரில் பெரிய எதிர்ப்பு. அணியின் கேப்டன் எரிக் வெஸ்ட்வுட் நார்மண்டியில் ஜெர்மானியருக்கு எதிராகப் போரிட்டவர். இந்த உடைமாற்றும் அறையில் போர் கிடையாது என்று சொல்லி அவர்தான் வரவேற்றார். பெர்லினிலிருந்து 1938-இல் தப்பி வந்திருந்த யூத மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன், ஒரு நாட்டின் குற்றத்துக்கு ஒரு தனிமனிதனைத் தண்டிக்காதீர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். 1956-இல் இங்கிலாந்து கிளப்புகளுக்கான கோப்பை இறுதிப் போட்டியில் மோதி விழுந்து கழுத்தெலும்பு உடைந்தும் ட்ரவுட்மன் ஆட்டம் முடியும்வரை கோல் காத்தார். எலும்பு உடைந்தது தெரிந்ததே சில நாள் கழித்து எக்ஸ்ரேயில்தான்.

40 வருடம் கழித்து, 1996 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதிக்கு முன், லண்டன் பத்திரிகை ஒன்று இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் தலையில் போர் ஹெல்மெட் வரைந்து, ஜெர்மனியே சரணடை என்ற பொருளில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. ஹெல்மெட் மாட்டப்பட்ட பால் காஸ்காய்ன் 1967-இல் பிறந்தவர். வெஸ்ட்வுட்டின் ஹெல்மெட் வரைந்தது அல்ல.

ஆஸ்திரியாவின் கதை வேறு மாதிரி. 1938-இல் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கிய பிறகு அதன் கிளப்புகள் ஜெர்மன் லீக்கில்தான் ஆட வேண்டியிருந்தது. 1941 ஜூன் 22 அன்று பெர்லினில் சாம்பியன் பட்ட இறுதிப் போட்டி: வியன்னாவின் ராப்பிட் அணி ஷால்கேவிடம் 0-3 என்று பின்தங்கி, 4-3 என்று ஜெயித்தது. அன்று விடியற்காலையில்தான் ஜெர்மன் படை சோவியத் எல்லையைத் தாண்டியிருந்தது. ஆனால் ஆஸ்திரியர்கள் கொண்டாடுவது அந்த நாளை அல்ல. 1978-இல் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் ஹான்ஸ் கிராங்கல் இரண்டு கோல் அடித்து மேற்கு ஜெர்மனியை 3-2 என்று தோற்கடித்ததைத்தான் இன்றும் பேசுகிறார்கள். அங்கேயும் ஒரு தலைமுறை இடைவெளி.

ஜெர்மன் மொழியில் வெளியூர் ஆட்டத்துக்குப் பயணம் போகும் ரசிகனுக்கு "ஷ்லாக்டன்பும்லர்" என்று ஒரு பழைய வார்த்தை உண்டு. போர்க்களத்தில் சும்மா சுற்றித் திரிகிறவன் என்று நேர் பொருள். 1870-71 பிரான்ஸ் போரின்போது படைக்குப் பின்னாலேயே போய்ச் சண்டையை வேடிக்கை பார்த்த சாதாரண ஜனங்களுக்கு வந்த பெயர். பிறகு கால்பந்து ரசிகனுக்கு ஒட்டிக்கொண்டது. மேலே சொன்ன எல்லாச் சம்பவங்களிலும் கத்தியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

கேள்வியின் கடைசிப் பகுதிக்குச் சுருக்கமாக: இல்லை, எல்லாப் பகையும் போரிலிருந்து வரவில்லை. ஜெர்மனிக்குள்ளேயே மிகக் கடுமையான மோதல் டார்ட்மண்டுக்கும் ஷால்கேவுக்கும். இரண்டுமே ரூர் பகுதியின் நிலக்கரி, எஃகுத் தொழிலாளர் அணிகள், பக்கத்துப் பக்கத்து ஊர்கள். டார்ட்மண்ட் கிளப்பின் பெயரில் வரும் போருசியா என்ற சொல்லுக்கு பிரஷ்யா என்ற பழைய ஜெர்மன் அரசு என்று பொருள், ஆனால் கிளப்புக்கு அந்தப் பெயர் பக்கத்துப் பீர் ஆலையிலிருந்து வந்தது. பகைக்குப் பக்கத்து வீடாக இருந்தாலே போதும்.

ஜெர்மனி – நெதர்லாந்து ஆட்டப் பட்டியலில் போர் நிஜமாகவே உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. 1912 மார்ச் 24, ஸ்வொல்லே என்ற டச்சு ஊர். ஆட்டம் 5-5. ஜெர்மனியின் ஐந்து கோலில் நான்கை அடித்தவர் யூலியுஸ் ஹிர்ஷ், கார்ல்ஸ்ரூ கிளப்பின் இடதுபக்க ஆட்டக்காரர், 19 வயது, யூதர். முதல் உலகப் போரில் நான்கு வருடம் ஜெர்மன் படையில் இருந்து இரும்புச் சிலுவை வாங்கினார். அவருடைய அண்ணன் லியோபோல்ட் அதே போரில் அதே படைக்காக உயிர்விட்டார். 1933 ஏப்ரலில், தன் கிளப்பும் சேர்ந்து யூதர்களை வெளியேற்ற முடிவெடுத்திருப்பதாகப் பத்திரிகையில் படித்து, தானே விலகல் கடிதம் எழுதினார். 1902 முதல் நான் இந்தக் கிளப்பில் இருக்கிறேன், இன்று எல்லோரும் வெறுக்கும் இந்த யூதர்களிலும் நாட்டுக்காக ரத்தம் சிந்தியவர்கள் உண்டு என்று அதில் குறிப்பிட்டிருந்தார்.

1943 மார்ச் 1 அன்று அவரைக் கார்ல்ஸ்ரூவிலிருந்து ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில் ஏற்றினார்கள். வழியில் டார்ட்மண்டிலிருந்து மகள் எஸ்தரின் பிறந்தநாளுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டார். நல்லபடியாக வந்து சேர்ந்தேன், மேல் சிலேசியாவுக்குப் போகிறேன், அது இன்னும் ஜெர்மனிக்குள்தான் என்று எழுதியிருந்தார். அஞ்சல் முத்திரையில் இருக்கும் தேதி மார்ச் 3. அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.